மகன் இல்லை என்று ஒரு கடிதம்

கஜகஸ்தானின் அல்மாட்டி நகரில் அந்த மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில் ரௌஷான் சேர்ந்தபோது நாற்பது பேர்தான் இருந்தார்கள். ஒன்றரை வருடத்தில் முந்நூறு பேராகிவிட்டார்கள். நாற்காலிகள் மட்டும் அந்த வேகத்தில் பெருகவில்லை. டீ எடுக்க எழுந்து போனால், திரும்பி வருவதற்குள் புதிதாகச் சேர்ந்த யாராவது அவள் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மேலாளர்கள் மாறியது அதைவிட வேகம். இப்போதிருக்கும் கனாட் நான்காவது ஆள்.

‘சிகிச்சைச் செலவு எங்கள் பொறுப்பு’ என்று ஆஸ்பத்திரிகளுக்குக் கடிதம் அனுப்புவது ரௌஷானின் வேலை. கடிதம் போகாமல் டாக்டர் கத்தியைத் தொடமாட்டார்.

வியாழக்கிழமை மதியம் தோலேகென் என்ற வாடிக்கையாளர் நேரிலேயே வந்துவிட்டார். பஸ் டிப்போ மெக்கானிக், ஐம்பத்து நான்கு வயது. அவர் வீட்டு ஏழு வயது அர்லானுக்கு மறுநாள் காலை காதில் ஆபரேஷன். ஐந்து மணிக்குள் கடிதம் போகாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அடுத்த இடம் இரண்டு மாதம் கழித்துத்தான். பையனுக்கு ஒரு காது ஏற்கெனவே பாதி போயிருந்தது.

கம்ப்யூட்டர் மறுத்திருந்தது: ‘உறவு தவறு. பொய்த் தகவல்.’

படிவத்தில் ‘மகன்’ என்று எழுதியிருந்தார். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வேறு. ரௌஷானுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. முதல் பேரப்பிள்ளையைத் தாத்தா பாட்டியே தங்கள் பிள்ளையாக வளர்ப்பது அந்த ஊர் வழக்கம்.

“உங்க மூத்த பையனோட பிள்ளையா அண்ணே?”

“எம் பிள்ளை. நாப்பதாம் நாளே எங்க மடியில போட்டாங்க. என்னைத்தான் அப்பான்னு கூப்பிடுவான். பெத்தவனை அண்ணன்னு கூப்பிடுவான். எல்லார் வீட்லயும் நடக்கறதுதானே தங்கச்சி? இதுல எங்க பொய் வந்துச்சு?”

அவள் கனாட்டிடம் போனாள். லட்சமாவது வாடிக்கையாளர் விழாவுக்குப் பேச்சு தயாரித்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்லயும் இதே கதைதான். பத்து வயசு வரைக்கும் தாத்தாவைத்தான் அப்பான்னு நினைச்சிட்டிருந்தேன்,” என்று சிரித்தார்.

“அப்ப கையெழுத்துப் போட்டுடுங்களேன்.”

“எனக்குத் தெரிஞ்சா போதுமா? சிஸ்டத்துக்குத் தெரியணுமே. வெளிநாட்டுல வாங்கினது. உறவை ‘பொறுப்பில் வளரும் பிள்ளை’ன்னு மாத்து. அதுக்கு, இவன் எம் மகன் இல்லைன்னு அவர் கைப்பட எழுதித் தரணும்.”

“இதை எப்படி அவர்கிட்ட கேக்கறது?”

“பதமா கேளு,” என்றவர் மறுபடி திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

ரௌஷான் விஷயத்தைச் சொல்லி நீட்டிய வெள்ளைத்தாளைத் தோலேகென் வாங்கிக்கொண்டார்.

“அப்படியேதான் எழுதணுமா?”

“நானும் கேட்டுப் பாத்துட்டேன் அண்ணே. வேற வழி இல்லையாம்.”

“எஞ்சின்ல ஒரு பாகம் பொருந்தலைன்னா நாங்க பாகத்தைத்தான் மாத்துவோம். நீங்க ஆளையே மாத்தச் சொல்றீங்க.” ஒருமுறை எழுதி, அடித்து, புதுத் தாள் வாங்கி மறுபடி எழுதினார். “இதை யாரு பாப்பாங்க?”

“ஃபைல்ல இருக்கும்,” என்றாள். முந்நூறு பேரும் அந்த ஃபைலைத் திறக்கலாம் என்பதைச் சொல்லவில்லை.

நாலே முக்காலுக்குக் கடிதம் போனது. ஆஸ்பத்திரியும் உறுதி செய்தது. அவள் கொடுத்த டீயைத் தொடாமலேயே தோலேகென் கிளம்பிவிட்டார்.

ஐந்தரைக்குப் பக்கத்து மேஜை இன்ஜு கேட்டாள்: “அக்கா, உறவை மாத்தினா வீட்டு நம்பருக்கு மெசேஜ் போகும், தெரியும்ல? ஆறு மணிக்கு. திங்கக்கிழமையில இருந்து இப்படித்தான்.”

“எங்கிட்ட யாருடீ சொன்னா?”

“மெயில் வந்துச்சே.”

அன்று மட்டும் நூற்றுப் பன்னிரண்டு மெயில் வந்திருந்தது. தோலேகெனுடைய வீட்டு நம்பர் என்று பதிவாகியிருந்தது அவர் மனைவியின் போன். போகவிருந்த வாசகம்: ‘அர்லான் உங்கள் மகன் அல்ல எனத் திருத்தப்பட்டது. நன்றி.’

கீழ்த்தளத்துக்கு ஓடினாள். தொழில்நுட்பப் பிரிவில் இருந்தவன் தலையைத் தூக்கவில்லை. “வேண்டுகோள் பதிவு பண்ணுங்க. வரிசையில நானூறு இருக்கு.”

“ஒரே ஒரு மெசேஜ்! நிறுத்த முடியாதா?”

“நிறுத்தறதுன்னா ஊருக்கே நிறுத்தணும் அக்கா.”

மேலே வந்தபோது மணி ஆறு தாண்டியிருந்தது. அவள் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நின்றபடியே அந்த நம்பரை அழைத்தாள். பையன் எடுத்தான்.

“யாரு? சத்தமா பேசுங்க. எனக்குக் கேக்காது.”

“போன்ல மெசேஜ் ஏதாவது வந்துச்சா கண்ணா?”

“என்னது?”

“மெசேஜ்!”

“வந்துச்சு. நான் இதுல கேம் விளையாடிட்டிருக்கேன்.”

“அதைத் திறக்காத! போனை அப்பாகிட்ட குடு!”

“யாருகிட்ட?”

“அப்பாகிட்ட!” தளம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். “உங்க அப்பாகிட்ட குடுடா!”