முதல் கதவிலிருந்து

ஞானசௌந்தரி அக்கா தீயணைப்பு நிலையத்தில் அலுவலக உதவியாளர். ஒன்பது வருடத்துக்கு முன்பு, அங்கே தீயணைப்பு வீரராக இருந்த அவர் கணவர் தயாளன் ஒரு கிடங்குத் தீயில் இறந்தபோது, கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. தினமும் செம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார்.

நிலையத்துக்குப் பின்னாலேயே எங்கள் குடியிருப்பு. ஒரே வரிசையில் எட்டு வீடுகள். வண்டி அழைப்புக்குப் போனால், சேதி வந்ததும் அக்கா எட்டுக் கதவையும் தட்டுவார். எப்போதும் முதல் வீட்டிலிருந்துதான். "வண்டி நல்லா கீது, ஆளுங்க நல்லா கீறாங்க." அவ்வளவுதான்.

எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. அப்பா அங்கே ஓட்டுநர். கூடுவாஞ்சேரியிலிருந்து குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வேலை கிடைக்கவில்லை. எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்று பரபரத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வாட்ஸ்அப் குரூப் போதுமேக்கா?"

"ஏற்கெனவே மூணு கீதும்மா. மூணுலயும் குட் மார்னிங்தான் வருது."

டிசம்பர் மழையில் பள்ளிக்கரணையில் தண்ணீர் ஏறியது. காலை ஆறு மணிக்குப் படகோடு போன வண்டியில் ஜேசன் அண்ணாவும் இருந்தார். கடைசி வீட்டில் அவர் மனைவி ஈவ்லினுக்கு ஏழாம் மாதம். பி.பி. கூடியிருக்கிறது, பதற்றமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு ஜேசன் அண்ணாவின் போன் அணைந்துபோனது. ஈவ்லின் அதுவரை எதுவும் சாப்பிடவில்லை.

ஒரு மணிக்கு, நிலையத்தில் காத்திருந்த அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அப்போதுதான் வயர்லெஸ்ஸில் வந்தது: எல்லோரும் பத்திரம். ஜேசனின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, ஈவ்லினைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அக்கா பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "இரு, முடிச்சுட்டு வரேன்."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓடினேன். ஏழு கதவுகளைத் தாண்டி, நேராகக் கடைசி வீட்டுக்கு. ஜன்னலில் நின்றிருந்த ஈவ்லின் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்தது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"ஈவ்லின்க்கா, நல்ல சேதிதான்!"

"வேணாம், சொல்லாதே! போயிடு!"

"அண்ணா நல்லா இருக்காரு..."

"அப்புறம் ஏன் என் வூட்டுக்கு மட்டும் வந்தே?"

கதவைத் தட்டினேன். தட்டத் தட்ட அழுகை கூடியது. பாத்திரம் ஒன்று உருண்டது.

அக்கா வந்துவிட்டார். என்னைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "இன்னாம்மா பண்ணி வெச்சே! நாங்க இதே வரிசைல இருந்தப்போ, தயாளன் போன அன்னிக்கும் ரெண்டு ஆபீசருங்க இப்டித்தான் எல்லா வூட்டையும் தாண்டி நேரா என் வூட்டுக்கு வந்தாங்க."

சொல்லிவிட்டு, ஈவ்லின் பக்கம் வராமல் முதல் வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

"காமு, வண்டி நல்லா கீது, ஆளுங்க நல்லா கீறாங்க."

அடுத்து இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு. உள்ளே ஒருத்தி அழுதுகொண்டிருக்க, அக்காவின் நடையில் கொஞ்சம்கூட அவசரமில்லை. நான்தான் தவித்தேன்.

"இன்னாக்கா, இன்னிக்கு லேட்டு?" என்று கேட்டார் ஐந்தாவது வீட்டுச் செல்லியம்மாள்.

"டீ போட்டு வெச்சாத்தானே சீக்கிரம் வருவேன்?"

எங்கள் வீடு ஆறாவது. அங்கே அக்கா தட்டியபோது ஈவ்லினின் அழுகை நின்றது. ஏழாவது வீட்டிலும் அதே வார்த்தைகள். எட்டாவது கதவை அக்கா தொடுவதற்குள் தாழ்ப்பாள் விலகியது.

"போன்தான் தண்ணில போச்சு. ஆளு நல்லா கீறான். உன்னை சாப்டச் சொன்னான்."

ஈவ்லின் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "உள்ளே ரசம் கீது. சோறு போட்டு எடுத்துனு வா," என்றார்.

இரண்டு நாள் கழித்து அப்பாவின் வண்டி அழைப்புக்குப் போனது. மத்தியானம், மழைச் சத்தத்துக்கு நடுவே முதல் கதவு தட்டப்பட்டது. அக்கா என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எழுந்து ஓடத்தான் கால் துடித்தது.

ஓடவில்லை. ஆறாவது கதவுக்காக உட்கார்ந்திருந்தேன்.