முதுகைச் சுவருக்குக் கொடுத்தவள்

மதிவதனி யாருக்கும் முதுகைக் காட்டி நிற்கமாட்டாள். காரைக்கால் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் அஜ்மீர் பாயின் ஜெராக்ஸ் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். சேர்ந்த அன்றைக்கே, "பாய், மிஷினைக் கொஞ்சம் இப்படித் திருப்பிப் போட்டுக்கிறேனே" என்று கேட்டு, தனக்குப் பின்னால் சுவர் வரும்படி மாற்றிக்கொண்டாள். பேருந்தில் இடம் கிடைக்காவிட்டால் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொள்வாள். கல்யாண வீட்டில் சுவரோரத்து நாற்காலிதான். உள்ளே பேப்பர் கட்டு எடுக்கப் போனாலும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து போவாள். பாய் முதலில் அதைக் கூச்சம் என்று நினைத்தார். பிறகு நினைப்பதை விட்டுவிட்டார்.

காரணம் அவள் பிறந்த விழிதியூரில் எல்லாருக்கும் தெரியும். பிறக்கும்போதே முதுகுத்தண்டு முடியும் இடத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சதை தொங்கியது. எலும்பில்லை, மெத்தென்று இருக்கும், நுனியில் கொஞ்சம் பூனைமுடி. பிரசவம் பார்த்த நர்ஸ், "புள்ள நடக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். காட்டியிருப்பார்கள். ஆனால் பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா வைத்தியலிங்கத்தை நல்ல பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டார். ஊசியைப் பற்றி ஊரில் ஒருவரும் பேசவில்லை. "அப்பனைக் காப்பாத்த ஆஞ்சநேயரே வந்து பொறந்திருக்காரு" என்று பேசினார்கள். டாக்டரிடம் போகும் பேச்சு அத்தோடு நின்றது.

அம்மா குஞ்சம்மா சனிக்கிழமைதோறும் பிள்ளையைக் குளிப்பாட்டிக் குப்புறப் போட்டு, அந்தச் சதையில் வெண்ணெய் வைத்துக் கும்பிடுவாள். பக்கத்து ஊர்களிலிருந்துகூட வெற்றிலை பாக்கோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். விவரம் தெரியாத வயதில் மதிக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பெருமை போனது. வாத்தியார் ஒரு படத்தை மாட்டினார். குனிந்த குரங்கு ஒன்று, அதற்கு முன்னால் கொஞ்சம் நிமிர்ந்த ஒன்று, இப்படியே போய்க் கடைசியில் நிமிர்ந்து நடக்கும் ஆள். "குரங்குலேர்ந்துதான் மனுசன் வந்தான். வால் தேஞ்சு போயி மனுசன் ஆனான்" என்றார். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "சார், மதிக்கு இன்னும் தேயல சார்" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவளோடு சனிக்கிழமை வெண்ணெய் வாங்கி நக்கிய பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது பையை முதுகுக்குப் பின்னால் இறக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

வீட்டில் சாமி, வெளியில் பாதி குரங்கு. இரண்டில் எது நிஜம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாவதாக இருக்கும் என்றுதான் உள்ளுக்குள் பயந்தாள். செம்பியனைக் கட்டிக்கொண்டு நித்யஸ்ரீயைப் பெற்றபோது, ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்பே குழந்தையின் முதுகைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. அப்போதுதான் அழுதாள்.

குஞ்சம்மா சாகும்போது மகள் கையைப் பிடித்து ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். "கத்தி படக் கூடாதுடி. அது ஒங்கப்பா உசுரு." அதன்பின் சனிக்கிழமை வெண்ணெயை மதி தானே, கதவைச் சாத்திக்கொண்டு, கையைப் பின்னால் வளைத்து வைத்துக்கொண்டாள்.

போன சித்திரைக்கு முந்தின சித்திரையில் ஒருநாள் காலை கடைக்குள் நுழைந்தபோது அஜ்மீர் பாய் அவள் காலைப் பார்த்தார்.

"என்னம்மா, ஒத்தச் செருப்போட வந்திருக்கே?"

குனிந்து பார்த்தாள். இடது காலில் செருப்பு இல்லை. சித்திரை வெயிலில், தார் ரோட்டில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வந்திருக்கிறாள். சூடு தெரியவில்லை. செருப்பு எங்கே கழன்றது என்றும் தெரியவில்லை.

"யாரையாவது அடிச்சிட்டு வந்தியா?" என்று பாய் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். அன்று முழுக்க மிஷினுக்குக் கீழே வலது காலால் இடது காலை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடைய காலையோ மிதிப்பது போல இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வினோதா டீச்சர் ஒரு தாளோடு வந்தார். திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுப்பவர். "அறுபது காப்பி போட்டு வைங்கம்மா. பாடத்துல இது இல்ல, ஆனா பிள்ளைங்க வருசா வருசம் இதையேதான் கேக்குதுங்க. பதில் சொல்லி வாய் வலிக்குது, எழுதிட்டேன்" என்று வைத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போனார்.

மதி எந்தத் தாளையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மிஷினில் வைப்பாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் படித்ததெல்லாம் அந்தக் கண்ணாடிக்கு மேல்தான். டீச்சரின் தாளில் மேலே, 'குரங்கும் நாமும்: நீங்கள் கேட்கும் கேள்விகள்' என்று இருந்தது.

முதல் கேள்வி, மனிதன் குரங்கிலிருந்து வந்தானா? இன்று நாம் பார்க்கும் எந்தக் குரங்கிலிருந்தும் இல்லை. பல லட்சம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து சிம்பன்சி ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து வந்தோம் என்று பதில். அப்படியானால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன? நீ பிறந்ததால் உன் சித்தப்பா பிள்ளைகள் இல்லாமல் போனார்களா? சிம்பன்சி ஒருநாள் மனிதனாக மாறுமா? மாறாது. அது தன் காட்டில் வாழ்வதற்கு ஏற்றபடி முழுதாகத்தான் இருக்கிறது. யாரும் பாதி வழியில் நிற்கவில்லை.

கடைசி வரியை மூன்று முறை படித்தாள். அடுத்த கேள்வி, நமக்கு ரொம்ப நெருங்கிய சொந்தமான குரங்குகளுக்கு வால் உண்டா? கிடையாது. கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான், கிப்பன் எதற்குமே வால் இல்லை. மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான வருடம் முன்பே இந்தக் குடும்பத்தில் வால் போய்விட்டது.

அப்படியானால் வாத்தியார் சொன்னது? மனிதனிலிருந்து ஒரு படி பின்னால் போனால்கூட அங்கே வால் இல்லையே. பின்னே இது என்ன? மிஷினில் பேப்பர் சிக்கி, கருப்படித்த தாள் ஒன்று வெளியே வந்தது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டீச்சர் திரும்பி வந்ததும், கட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "டீச்சர், மனுசங்களுக்கு வால் மாதிரி இருந்தா அது என்னா?"

"யாருக்கு, ஒங்க வீட்டுக்காரருக்கா?"

"எம் ரெண்டாவது மவனுக்கு இருக்கு டீச்சர், கண்ணுக்குத்தான் தெரியாது" என்றார் பாய்.

மதி சிரிக்கவில்லை. டீச்சர் அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "வயித்துல இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் கொஞ்ச நாள் குட்டி வால் இருக்கும்மா. அப்பறம் மறைஞ்சிடும். எப்பவாவது ஒருத்தருக்கு அந்த எடத்துல சதை வளந்து நிக்கும். குரங்குமில்ல, ஒண்ணுமில்ல. ஆனா முதுகெலும்பு பக்கம் இருக்கு பாருங்க, உள்ள நரம்பு எப்படி இருக்குன்னு டாக்டர்தான் பாக்கணும். யாருக்கு?"

"ஊர்ல ஒரு பொண்ணுக்கு."

"கால் நல்லா இருக்கா அந்தப் பொண்ணுக்கு?"

மதி கட்டை நீட்டினாள். "அறுபது இருக்கு டீச்சர்."

அன்று சாயங்காலமே அப்பாவிடம் பேசினாள். வைத்தியலிங்கத்துக்கு அப்போது எழுபத்தைந்து வயது. மகள் வீட்டில்தான் இருந்தார். காலைப் பற்றிச் சொன்னாள், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். ஒருவேளை அறுக்கச் சொல்வார்கள் என்றும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார்.

"ஆயி, நான் என்னா நூறு வருசமா இருக்கப் போறேன்? நான் போனதுக்கப்பறம் பண்ணிக்க. அதுவரைக்கும் தொடாத."

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். செம்பியன் வாசலிலிருந்து, "அப்ப அவ காலு, மாமா?" என்றான். அவர் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மதியும் டாக்டர் பேச்சை அத்தோடு விட்டாள். அப்பா போகட்டும் என்று காத்திருக்கவும் முடியவில்லை, போகக் கூடாது என்று வேண்டாமல் இருக்கவும் முடியவில்லை. சனிக்கிழமை வெண்ணெய் வைக்கும்போது யாருக்காக வைக்கிறோம் என்றே குழம்பினாள்.

இப்படியே ஒரு வருடம் போனது. இடது கெண்டைக்கால் சூம்பி, வலது காலைவிட இளைத்துத் தெரிந்தது. படியில் கால் மடங்கிப் பிசகியது. அடுத்த ஆடியில் வினோதா டீச்சர் மறுபடியும் அதே தாளோடு வந்தார், புதுப் பிள்ளைகளுக்காக. மதி இப்போது முக்காலியில் உட்கார்ந்துதான் வேலை செய்தாள்.

"அந்தப் பொண்ணு டாக்டர்ட்ட போனாளாம்மா?"

"இல்ல டீச்சர். அவ அப்பா வேண்டாங்கறாரு."

"அவ என்னா சொல்றா?"

மதி பதில் சொல்ல எழுந்தாள். அப்போதுதான் முக்காலி ஈரமாக இருப்பதைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. டீச்சரும் பார்த்தார். தன் தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்து அவள் இடுப்பில் சுற்றிவிட்டு, பாயைப் பார்த்து, "பாய், ஒரு டீ வாங்கிட்டு வாங்களேன்" என்று வெளியே அனுப்பினார்.

அடுத்த வாரம் மதியும் செம்பியனும் புதுச்சேரிக்குப் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு அவளைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். டாக்டரும் படிக்கிற பிள்ளைகளுமாக ஏழு பேர் சுற்றி நின்றார்கள். நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாக அத்தனை பேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்தைத் தலையணையில் அழுத்திக் கிடந்தாள்.

"உள்ள தண்டுவடம் இந்தச் சதையோட ஒட்டிக்கிட்டு இருக்கும்மா. நீங்க வளர வளர அது கயிறு மாதிரி இழுபட்டிருக்கு. விடுவிச்சிடலாம், இதுக்கு மேல மோசமாகாம இருக்கத்தான். போனது திரும்ப வரும்னு சொல்ல முடியாது. சின்னப் புள்ளையா இருக்கும்போது வந்திருந்தீங்கன்னா கால் இப்படி ஆகியிருக்காது."

படிக்கிற பெண் ஒருத்தி, பாடத்துக்காகப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா, முகம் தெரியாது என்று கேட்டாள்.

"எத்தன காப்பி போடுவீங்க?" என்று மதி தலையணைக்குள்ளிருந்து கேட்டாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. செம்பியன்தான் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "எடுத்துக்கங்க" என்றாள் மதி.

அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் அறுவைக்குப் போனாள். அவர் அன்று காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கட்டிலில் நீட்டிப் படுத்துவிட்டார். விழிதியூர்க்காரர்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து செய்து விசாரித்தார்கள், இவளுக்காக அல்ல, அவருக்காக. மறுநாள் காலையில் அவர் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாராம்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. வைத்தியலிங்கம் நன்றாக இருக்கிறார். மகள் கையால் சோறு வாங்குவதில்லை. செம்பியன் போட்டால் சாப்பிடுகிறார். "அறுத்து அஞ்சு மாசமாச்சு மாமா, ரெண்டாவது தட்டும் காலி. இன்னும் என்னா கோவம்?" என்று அவன் குத்திக் காட்டினால் கை கழுவ எழுந்துவிடுவார். காலையில் கண் விழித்ததும் தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பாம்பு கடித்த அன்று போட்ட ஊசியைப் பற்றி இப்போதும் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சிறுநீர்த் தொந்தரவு பாதி குறைந்திருக்கிறது. இடது கால் திரும்பவில்லை. மதி செருப்புக்குள் பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு அதே பேருந்தில் கடைக்குப் போய் வருகிறாள். மிஷின் அவள் திருப்பிப் போட்ட இடத்திலேயே இருக்கிறது. அவள் இன்னும் சுவரில் சாய்ந்துதான் உட்காருகிறாள்.