மழை குடிக்கும் ரோடும் எங்கள் தெருவின் மரியாதையும்

இது நடக்கும் என்று அன்றைக்கே சொன்னேன். ஆம்பூரில் என் பேச்சை யார் கேட்கிறார்கள்?

வேலூரிலிருந்து ஒரு சிவில் இன்ஜினியரிங் புரொபசர் போன மாதம் எங்கள் தெருவில் புது மாதிரி ரோடு போட்டார். உடம்பெல்லாம் ஓட்டை. மழைத்தண்ணீர் அதன் வழியே பூமிக்குள் இறங்கி, வற்றிப்போன போர்வெல்லில் ஊறுமாம். பாதி ஆயுளை இதற்கே கொடுத்த மனிதர். இங்கே தேறினால்தான் மற்ற ஊர்களில் போட விடுவார்கள்.

ஆனால், ஓட்டையைப் பார்த்தால் அடைக்காமல் தூங்காத தெரு எங்களுடையது.

இன்றைக்குச் சோதித்துப் பார்க்க வந்த புரொபசர், ஒரு குடம் தண்ணீரை ரோட்டில் ஊற்றினார். அது ஜோராக ஓடிப்போய்ச் சாக்கடையில் விழுந்தது.

"துளையெல்லாம் எங்க சார்?" என்றார்.

ரோஜா மாலையோடு நின்ற கவுன்சிலர் பெருமையாகச் சொன்னார்: "நீங்க வர்றீங்கன்னு நேத்தே சிமெண்ட் பால் ஊத்தி அடைச்சிட்டோம் சார். அசிங்கமா இருந்துச்சில்ல? இப்ப பாருங்க, வழவழன்னு!"

"யோவ், அந்த ஓட்டைதான்யா ரோடே!" என்று நான் கத்தினேன்.

புரொபசர் என் தோளைத் தட்டி, "உங்கள மாதிரி ஒருத்தர் என் டிபார்ட்மெண்ட்ல இல்லாம போய்ட்டாரே" என்றார்.

சரி, தோஸ்துகளே, அவர் தோளைத் தட்டிச் சொன்னது என் சொந்தச் சரக்கு. உண்மையில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கார் சாவியால் சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

காய்ந்த சிமெண்டை எடுக்க வழி தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள். எனக்குத் தெரியும்தான், இருந்தாலும் உங்கள் வாயால் வரட்டும்.