உப்பின் அக்கா

அவள் தையல் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. புதுத்துணி தைக்க யாரும் அங்கே வரமாட்டார்கள். இடுப்பைப் பிடிக்க, நீளத்தைக் குறைக்க, ஜிப் மாற்ற வருவார்கள். கடைக்கு மேலே ஒற்றை அறை. அதில் அவளும் தம்பியும் இருந்தார்கள்.

தம்பியை எல்லோரும் உப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தவர்களுக்கெல்லாம் உதடு கரித்தது. அம்மா அதை வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தாள். இருமல் நிற்காமல் போனபோது டாக்டர் முதலில் விசாரித்ததே அந்தக் கரிப்பைத்தான். மூச்சுக்குழாயின் உள்பக்கம் செல்கள் மெல்லிய விரிப்பாகப் பரவியிருக்கின்றன என்றார். அவை உப்பை வெளியே தள்ளினால் தண்ணீரும் பின்னாலேயே வரும். அந்த ஈரத்தில்தான் சளி வழுக்கி மேலேறும். இவனுக்குப் பிறவியிலேயே உப்பு போகும் வாசல் திறப்பதில்லை. ஈரமில்லாத சளி பசையாக ஒட்டிக்கொள்கிறது. வியர்வையிலோ, உடம்புக்குள் திரும்ப வேண்டிய உப்பு தோலிலேயே தங்கிவிடுகிறது.

அம்மா போன பிறகு, தட்டும் வேலை அக்காவுக்கு வந்தது. எழுந்ததும் அவனைத் தலையணைமேல் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, சளி இளகும்வரை முதுகில் தட்டுவாள்.

“மெதுவாத்தான் தட்டேன். நான் என்ன அழுக்குத் துணியா?”

“பேசாம இருமு.”

கடைக்கு மின்சார வேலை செய்ய வந்த ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். தங்கமான மனுஷன். வெளியூரில் வேலை கிடைத்ததும் கூடவே வரச் சொன்னார். காலையில் இவனுக்கு யார் தட்டுவது என்று அவள் யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். அதைப் பற்றி அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வாலிப வயதில் அவனுக்கு மூச்சு மிகவும் குறைந்து, மாற்று நுரையீரல் வைத்தார்கள். எடுத்த பழையதை ஆராய்ச்சிக்குக் கொடுக்க அவனே சம்மதித்திருந்தான். அக்கா கேட்டால் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவைத்திருந்தான். புதியது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவன் வீடு திரும்பவே இல்லை.

அதன் பிறகும் அவளுக்கு விழிப்பு அதே நேரத்துக்கு வந்தது. கைக்குத்தான் வேலை இல்லை. கட்டில் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில், கடையைத் திறக்காமல், அவன் நுரையீரலைக் கொடுத்திருந்த ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

அங்கிருந்த பெண் அவளை உட்காரவைத்து, இரண்டு சிறு கிண்ணங்களைக் காட்டினாள். இரண்டிலும் இருந்தவை அவனுடைய பழைய நுரையீரலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். அவற்றுக்குக் கீழிருந்து உணவு, மேலே காற்று. முதல் கிண்ணத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது எதுவும் அசையவில்லை. சளி அப்படியே அப்பிக்கிடந்தது. இரண்டாவதில் ஒரு புது மருந்து விட்டிருந்தார்கள். அதில் நுண்ணிய புள்ளிகள் ஆற்றுச்சுழல்போல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

“வாசல் திறந்திடுச்சுக்கா,” என்றாள் அந்தப் பெண். “உப்பு வெளியே வருது, தண்ணியும் கூடவே வருது. அதான் சளி நகருது.”

அவள் கண்ணை எடுக்கவில்லை. “தட்டவே இல்லியே,” என்றாள்.

“தட்ட வேணாம். அதுவா நகரும்.”

“இந்த மருந்து கடையில கிடைக்குதா?”

“இன்னும் இல்லக்கா. சோதனையிலதான் இருக்கு.”

அவளுடைய வலது கை, அவளறியாமல், மேசைமேல் குழிந்திருந்தது. இது இப்பவும் கரிக்குமா என்று கேட்டாள். அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வேலை ஓய்ந்த நாட்களில் அங்கே போய்வருவாள். போய்ப் பார்ப்பாள், அவ்வளவுதான். செல்கள் ஒருநாள் களைத்துப்போய்ப் பெருகுவதை நிறுத்தின. ஒரு குப்பியில் மட்டும் கொஞ்சம் உறையவைத்திருப்பதாகவும், இன்னொரு மருந்தைச் சோதிக்கத் தேவைப்பட்டால் திரும்ப வளர்ப்பார்கள் என்றும் அந்தப் பெண் சொன்னாள்.

“வளக்கும்போது எனக்கு ஒரு போன் பண்ணும்மா.”

அந்த மருந்து பின்னால் சந்தைக்கு வந்தது. இந்த நோயுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள், அவர்கள் பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். நல்லது டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தவள், அன்று முழுக்க ஒரு தையலும் போடவில்லை.

கடையில் போன் அடிக்கும்போது இப்போதும் மிஷினைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து ஓடுகிறாள். பெரும்பாலும் யாராவது பேன்ட் ரெடியா என்று கேட்பார்கள்.

“ரெடிதான். வந்து வாங்கிக்கங்க.”