லீவு மரங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை விராலிமலைக்குச் சற்று முன்னால், நாலுவழிச் சாலையோரத்து நர்சரி ஒன்றில் நானும் என் கணவரும் காலை முழுவதும் சுற்றினோம். குளத்தூரில் வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். வாசலில் இன்னும் மிச்ச ஜல்லிதான் கிடக்கிறது. ஒரு மரம், மதிலோரம் நாலு செடி, அவ்வளவுதான் வேண்டும். ஆனால் அதற்காக நான் படித்துத் தள்ளியிருந்தது கொஞ்சமல்ல. புங்கம் நல்ல நிழல், ஆனால் சருகு கொட்டும். சரக்கொன்றை சித்திரையில் பூத்தால் கண்ணை எடுக்க முடியாது, ஆனால் மாசியில் பார்க்கச் சகிக்காது. மகிழம் மணக்கும், ஆனால் நான் கிழவியான பிறகுதான் மணக்கும். நாகலிங்கத்துக்கு எங்கள் வாசல் பத்தாது. எதைத் தொட்டாலும் ஒரு ‘ஆனால்’ முளைத்தது.

கையில் குழாயோடு நின்றிருந்த நர்சரிக்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சீக்கிரம் வளரணுமாங்க, மெதுவா வந்தாப் போதுமாங்க? அதச் சொல்லிட்டீங்கன்னா நான் எடுத்துக் குடுத்துருவேன்.”

எந்த மழை எந்தக் கிழமையில் பெய்தது என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுகிற ஆள் நான். இந்தக் கேள்விக்குக் கணவர் முகத்தைப் பார்த்தேன். அந்த அம்மா கறுப்புக் கவர்களுக்குள் தண்ணீரை அடித்துக்கொண்டே போனார். செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் சேர்ந்து நனைகிற ஒரு வாசனை எழும்பியது. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. “ஏன், என்னாச்சு?” என்று என் கணவர் பின்னாலேயே வந்தார். நான் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாசனை திருமயத்தில் எங்கள் அண்ணன் வீட்டு வாசனை. அண்ணன் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தால், பெட்டியைப் பிரித்த மறுநாளே இப்படி மணக்க ஆரம்பித்துவிடும். வந்த அலுப்புத் தீருவதற்குள் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு போய்க் கன்றுகளோடு திரும்புவார். நான் அப்போதுதான் திருமயத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். அண்ணன் வீட்டில்தான் இருந்தேன், செல்வி மதினிக்குத் துணையாக. துணையாக என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, சமையல், தண்ணீர், கரண்டு பில் எல்லாம் மதினிதான். ஒரு டம்ளரைக்கூட நான் கழுவி வைத்ததில்லை.

அண்ணனுக்கு அங்கே தண்ணீர் லாரி ஓட்டும் வேலை. குடிக்கிற தண்ணீர் இல்லை. சாலை நடுவில் நிற்கும் மரங்களுக்கு ஊற்றுகிற தண்ணீர். லாரியை ஊர்ந்து போகவிட்டு, பின்னால் ஒரு ஆள் குழாயைப் பிடித்துக்கொண்டு வர, மைல் கணக்கில் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். “எறங்கி ஒரு மரத்தடியில ஒக்கார முடியாது பாப்பா. ஓரங்கட்டுனா பின்னாடி ஆரன் அடிச்சே கொன்னுருவாங்க” என்று சொல்லிச் சிரிப்பார். சொந்த வாசலில் மரம் வைக்க அவ்வளவு பறந்ததற்கு அதுதான் காரணமென்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்தவர் மதினி. அண்ணன் வைத்ததெல்லாம் பப்பாளி, முருங்கை, செம்பருத்தி, அகத்தி. ஒரு லீவில் மதிலோரம் வரிசையாகச் சூரியகாந்திகூட வைத்தார். கிளம்புவதற்குள் ஒரு பூவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. “லீவு எத்தன நாளோ அத்தன நாள்ல வளர்ற மரமாப் பாத்து வாங்கியாராரு ஒங்கண்ணன்” என்றார் மதினி ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முருங்கையை வாசலில் வைத்தது தெருவில் பெரிய பேச்சாகிவிட்டது. எதிர்வீட்டுச் சித்தப்பா சொந்தக்காரர் இல்லை, தெருவுக்கே சித்தப்பா. அவர் படலைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். “ஏப்பா கண்ணா, வாசல்ல யாராச்சும் முருங்கைய வைப்பாங்களா? வெளிநாடு போயி இருந்த புத்தியையும் வித்துட்டு வந்துட்டியா?” மறுவாரமே அதே சித்தப்பா வீட்டிலிருந்து முருங்கைக்கீரைக்கு ஆள் வரும். மதினி ஒடித்துக் கொடுப்பார், கூடவே ஒரு வார்த்தையும் கொடுப்பார்: “கீர வீட்டுக்கு ஆகாதாம், பாத்து அடுப்புல ஏத்தச் சொல்லு.”

அதற்கடுத்த லீவில் வந்தது துபாய்ச் செடி. அப்படித்தான் தெருவில் பெயர் வைத்தார்கள். அண்ணன் சொல்கிற பெயர் கோனோ. படித்தவர்கள் கோனோகார்பஸ் என்பார்கள். அண்ணன் இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றியது இந்த மரத்துக்குத்தான். அது நம் பக்கத்து நர்சரிகளுக்கே வந்துவிட்டதைப் பார்த்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மதில் நீளத்துக்கும் நெருக்கி நட்டார். இரண்டடி தோண்டினால் செம்பாறை தட்டுகிற பூமி எங்களுடையது. வேம்பே முனகிக்கொண்டுதான் வளரும். இந்தச் செடி மட்டும் பாறையாவது ஒன்றாவது என்று கிளம்பியது. அதை அவர் அந்த ஊர் மாதிரியே சதுரமாக வெட்டிவிடுவார். ஒரு பக்கம் வெட்டி முடித்துத் தள்ளி நின்று பார்ப்பார். சரியில்லை என்று மறுபடியும் வெட்டுவார். கத்தரி கையில் இல்லாவிட்டால் போன் இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருப்பார்.

“கலெக்டர் ஆபீஸ் மாதிரி இருக்குப்பா ஒன் வீடு. மனு குடுக்கத்தான் வரணும் போல” என்றார் சித்தப்பா.

இப்படியே போய்க்கொண்டிருந்தவர் 2018 ஆனியில் வந்தார். இந்தத் தடவை பெட்டி பெரிது, அட்டைப் பெட்டிகளும் கூடுதல். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவரை நலம் விசாரிப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: லீவா, கேன்சலா? லீவு என்றால் திரும்பிப் போவார். கேன்சல் என்றால் விசாவை முடித்துக்கொண்டு வந்தாயிற்று, இனி இங்கேதான். அண்ணன் கேட்டவர்களிடமெல்லாம் “கேன்சல்ல வந்துட்டேன்” என்றார். மதினி அன்றைக்குப் பாயசம் வைத்தார். நான் மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

ஆடி பிறப்பதற்குள் குட்டு உடைந்துபோயிற்று. சித்தப்பா வந்து, தன் மகனுக்கு அங்கே ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டார். அண்ணன் செடியை வெட்டிக்கொண்டே, பழக்கத்தில், “போனவொடனே கேட்டுச் சொல்றேன் சித்தப்பா” என்றார்.

மதினி அடிகுழாயில் இருந்தார். குடம் நிறைந்து வழிந்தது. சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். விசா அப்படியேதான் இருந்தது. ஆறு மாதம் வெளியே இருந்தால்தான் அது செத்துப்போகும். மார்கழிக்குள் போய்விட்டால் உயிரோடிருக்கும். டிக்கெட்டும் போட்டு வைத்திருந்தார். இருந்து பார்ப்போம், பிடிக்காவிட்டால் போய்விடுவோம் என்று ஒரு காலை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

மதினி சண்டை போடவில்லை. வடகாட்டில் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு பலாப்பழத்தோடு திரும்பினார். வடகாடு பலா ஊர். ஆனி ஆடியில் பஸ் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பழ வாசனை பஸ்ஸுக்குள் ஏறிவிடும். பழத்தை அறுத்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தார். கொட்டைகளில் நல்லதாக நாலைந்தைக் கழுவி, அண்ணன் முன்னால் ஒரு கிண்ணத்தில் வைத்தார்.

“இது நாத்து விட்டுப் பிடுங்கி நடுறது இல்லங்க. ஊன்ன எடத்துலதான் வளரும். நீங்களே எடம் பாத்து, நீங்களே ஊனுங்க.”

“ஏ செல்வி, பாறையில பலா வருமா?”

“துபாய்ச் செடி வரலையா?”

“அது வேற. இது காய்க்க எத்தன வருசம் ஆகும்?”

“ஆகட்டுமே. ஒங்களுக்கு என்ன அவசரம், கேன்சல்லதான வந்துருக்கீங்க?”

அண்ணன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படலுக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா குரல் வந்தது. “பால் வடியிற மரம் வாசலுக்கு ஆகாதும்மா.”

“வடகாட்டுல எல்லா வாசல்லயும் அதான் சித்தப்பா நிக்கிது. யாரு கெட்டுப் போனா?” என்றார் மதினி.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் என்னால் இப்போதும் உட்கார்ந்திருக்க முடியாது. அண்ணன் கிழக்கே ஒரு குழி தோண்டினார். மேலே கரண்டுக் கம்பி போகிறதென்று மூடினார். தெற்கே தோண்டினார்; செப்டிக் டேங்க் பக்கமென்று மூடினார். சந்து ஓரம் தோண்டி, பாறை தட்டியதும் கடப்பாரையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். வாசலெங்கும் மூடிய குழிகள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே இன்றைக்கு எங்கே தோண்டியிருக்கிறார் என்று கண் தேடும். மதினி கிண்ணத்தை ஜன்னலிலிருந்து அலமாரிக்கும், அலமாரியிலிருந்து அடுப்படிக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் ஒரு நல்ல மழை. மண் இளகியிருந்தது. அண்ணன் மண்வெட்டியோடு வந்து, “எங்க அந்தக் கொட்ட? கொண்டா, ஊனுவோம்” என்றார்.

“அது கத்திரிக்காயோட கொழம்புல போயி ஒரு மாசமாச்சு. நீங்கதான் நல்லாருக்குன்னு ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டீங்க” என்றார் மதினி. பலாக்கொட்டை ரொம்ப நாள் தாங்காது. காய்ந்தால் முளைப்பு போய்விடும். அண்ணன் மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு துபாய்ச் செடியிடம் போனார்.

ஐப்பசி கடைசி நாள், வெள்ளிக்கிழமை விடியலில், கஜா புயல் அடித்தது. திருமயத்தில் எங்களுக்குக் கூரை ஓடும் முருங்கையும் போயின. சதுரமாக வெட்டியிருந்த துபாய்ச் செடி தலையைக்கூட ஆட்டவில்லை. வடகாட்டுக்குப் போன் போகவில்லை. அன்று மதியமே அண்ணன் மதினியை வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் விழுந்த மரம். இறங்கி வெட்டி, வண்டியைத் தூக்கிக் கடத்தி, மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் அடுத்த வாரம் போனேன். மதினியின் அம்மா வீட்டு வாசலில் நின்ற பலாக்கள் ஒன்றுவிடாமல் வேரோடு சாய்ந்து கிடந்தன. வேர்க்குழிகளில் தண்ணீர் நின்றது. முறிந்த இடமெல்லாம் பால் வடிந்து உறைந்திருந்தது. அந்த வீட்டில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, கண் கூசியது. அண்ணன் ஒரு மரம் அறுக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து அறுத்துக்கொண்டிருந்தார், மாமியார் வாசல், பக்கத்து வாசல், அதற்கடுத்த வாசல் என்று. உடம்பெல்லாம் மஞ்சள் மரத்தூள். மதினியின் அம்மா அழவில்லை. “மாப்ள, கஞ்சி குடிச்சிட்டு அறுங்க” என்று மட்டும் அவ்வப்போது சொன்னார்.

கார்த்திகை போயிற்று. மார்கழியும் வந்தது. டிக்கெட் போட்டிருந்த தேதி எனக்கு மனப்பாடம். அன்று பள்ளிக்கூடத்தில் ஒரே கணக்கை இரண்டு வகுப்பில் தப்பாகப் போட்டேன். சாயங்காலம் வடகாட்டுக்குப் போன் செய்தால் மதினி எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

“மதினி, அண்ணன்?”

“அறுத்துக்கிட்டுத்தான் இருக்காரு. நீ எதுவும் கேட்டு வச்சிறாத.”

தை பிறந்து வீடு திரும்பிய பிறகு அண்ணனே சொன்னார். “கெளம்புற அன்னைக்கு மெசின்ல செயின் அந்து போச்சு. ஆலங்குடிக்கு வாங்கப் போனேனா, அப்பிடியே மறந்துருச்சு.” மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆறு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. “மறக்குறதுக்கு அது என்ன, பஸ்ல விட்டுட்டு வர்ற கொடையா?” என்றார். அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

துபாய்ச் செடி இப்போது இல்லை. வேர் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டது; வைக்கக் கூடாதென்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. அண்ணனே தோண்டி எடுத்தார். அண்ணன் சரக்கு ஆட்டோ வைத்திருக்கிறார், நாள் முழுக்க எங்கேயாவது ஓடிக்கொண்டுதான் இருக்கிறார், சாயங்காலம் வந்துவிடுகிறார். வடகாட்டில் மறுபடியும் பலா வைத்திருக்கிறார்கள். எல்லா வாசலிலும் ஒரே ரக ஒட்டுக்கன்று, சீக்கிரம் காய்க்கிறது.

போன ஆனியில் அண்ணன் ஆட்டோவில் வடகாட்டிலிருந்து ஒரு பழம் கொண்டுவந்து இறக்கினார். நானும் அங்கே போயிருந்தேன். மதினி ஒரு சுளையை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார். முன்பெல்லாம் அவருக்கு ஒரு சுளை போதும். கிணத்தடி மரம், மாட்டுக்கொட்டகை மரம், பெரிய மாமா வீட்டு மேற்கு மரம் என்று எந்த வாசல் பழம் என்பதைச் சொல்லிவிடுவார். நாங்கள் வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்தாலும் ஏமாறமாட்டார்.

“எந்த மரம்?” என்றார் அண்ணன்.

மதினி இன்னொரு சுளை எடுத்துத் தின்று பார்த்தார். “தெரியலங்க” என்றார். “இனிப்பா இருக்கு.”