அமுக்கிப் பிடி, விடு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மதியம், தாம்பரம் வீட்டு வாசலில் நின்ற அதன் அடியில் ஈரம் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், பிரேக் ஆயில். மறுநாள் பரங்கிமலை மேலே சர்ச்சில் ஒரு கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மலையிலிருந்து இறக்கி மண்டபத்தில் விட ஒத்துக்கொண்டிருந்தேன். ஏற இஞ்சின் போதும். இறங்க?

ஈரம் பின்சக்கரத்துக்கு நேர் கீழே இருந்தது. சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே எல்லாம் காய்ந்து கிடக்கிறது. வாசல் சரிவு, ஆயில் ஓடி வந்து அங்கே தேங்கியிருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. ஒழுகியது நடுவில், துரு தின்ற பிரேக் பைப்பில். அதே நீளத்துக்குப் புதுப் பைப் வாங்கி வந்து மாட்டுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

இனி பைப்புக்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்தருகே ஒரு திருகைத் திறந்து மூட வேண்டும். மூடும் முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். மனைவியை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தேன். தெருவில் கத்த எனக்குக் கூச்சம். அதனால் ஸ்பானரால் தட்டுவதாகச் சொன்னேன். ஒரு தட்டு, அமுக்கிப் பிடி. இரண்டு தட்டு, விடு.

எத்தனை முறை செய்தும் பெடல் பஞ்சுபோல் இறங்கியது. பைப் சரியில்லையா, ஆயிலா, என் கையா? ஒன்றும் புரியவில்லை. அடுத்த முறை பார்த்தால், திருகைத் திறந்து வைத்திருக்கும்போதே அவள் காலை எடுத்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு வுட்டே?"

"நீதான்யா ரெண்டு தட்டு தட்டுன!"

நான் தட்டவே இல்லை. தலையை வெளியே நீட்டினேன். நாலு வீடு தள்ளிக் கடலை வண்டிக்காரர் வாணலியைத் தட்டிக்கொண்டு நின்றார், டங் டங் என்று.

வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "அமுக்கு! புடி! வுடு!"

"இன்னாக்கா, அடியில படுத்துகினு அண்ணன் பிரசவமா பாக்குறாரு?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். தெருவே சிரித்தது. ஆனால் பெடல் கல்லாக நின்றது.

மறுநாள் காலையிலும் போகிற வழியெல்லாம் மிதித்துப் பார்த்தேன். நின்றது. பூசை முடிந்து வந்தால் வண்டிக்கு அடியில் மறுபடி ஈரம். முன்னால் கட்டியிருந்த பூவுக்கு யாரோ தண்ணீர் தெளித்திருந்தார்கள். சொட்டுவது தண்ணீரா, ஆயிலா? தொட்டால் வழுக்குகிறது. நேற்றிலிருந்தே என் விரல் வழுக்கிக்கொண்டுதான் இருந்தது.

கோட்டு போட்ட மாப்பிள்ளையைக் கூப்பிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தேன். வெள்ளைச் சட்டையோடு கீழே படுத்து, கல்யாணக் கூட்டத்தின் நடுவில் கத்தினேன். "அமுக்கு! புடி!"

"ண்ணா, நான் வேணா நடந்து எறங்கிடட்டா?" என்றாள் கல்யாணப் பெண்.

அவர் அமுக்கிப் பிடிக்க, விரலைத் துடைத்துவிட்டுப் பைப் முழுக்க ஓட்டினேன். எல்லா மூட்டும் காய்ந்திருந்தது. பூத் தண்ணீர்தான். இருந்தாலும் முதல் கியரிலேயே இறக்கினேன்.

அடிவாரத்தில், பின்சீட்டில் காலைத் தரையோடு அழுத்தி வைத்திருந்த மாப்பிள்ளை கேட்டார்.

"ண்ணா, இப்பவாச்சும் காலை எடுக்கலாமா? நீங்க வுடுன்னே சொல்லல."