மழையில் நிற்காத டிரம்ஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் நாலு பேருக்கும் பாட்டு வேளை. கல்லூரியில் ஒன்றாக ராக் வாசித்தவர்கள் நாங்கள். இப்போது மிச்சமிருப்பது ஒரு வாட்ஸ்அப் குழு. முறை வந்தவன் தனக்குப் பிடித்த ராக் பாட்டு ஒன்றைப் போட்டு, அது தன் வாழ்க்கையில் எங்கே ஒட்டிக்கொண்டது என்றும் எழுத வேண்டும். வெறும் பாட்டைப் போட்டுவிட்டுப் போகிறவனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவோம். பெங்களூரில் இருப்பவன், மைதானத்தில் முட்டி மோதிப் பார்த்த வெளிநாட்டுக் கச்சேரிகளைப் பற்றி எழுதியே எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வான். என் பாட்டெல்லாம் கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில் பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டவை.

போன மாதம் டிரம்ஸ்காரன் முறை வந்தது. கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர்கள் அவனும் நானும்தான். அவன் தீப்பெட்டி ஆபீஸில் மெக்கானிக். இங்கே தொழிற்சாலைக்குப் பெயரே ஆபீஸ்தான். மிஷினைக் குற்றம் சொல்வதா டிரம்ஸைச் சொல்வதா தெரியவில்லை, அவனுக்கு வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது. கருவி மாட்டினால் பேச்சு கொஞ்சம் கேட்கலாம், பாட்டை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் குழுவில் எழுதினான்: "நாம கொடையில வாசிச்சதப் போடப் போறேன். வீடியோ கிட்டார்காரன்ட்ட இருக்கு. நான் வாசிச்சத ஒரு தடவ பாக்கணும்."

கேட்கணும் என்று எழுதவில்லை. கிட்டார்காரன் நான்தான்.

பழைய போனில் இருக்கிறது, தேடுகிறேன் என்றேன். மெமரி கார்டு மச்சினனிடம் இருக்கிறது என்றேன். அத்தனையும் பொய். வீடியோ என் சட்டைப் பையில் இருந்த போனில்தான் இருந்தது. அவனுக்கு எதிரே வந்துவிடக் கூடாதே என்று டீ குடிக்கும் கடையைக்கூட மாற்றினேன்.

அந்தக் கோவில் கொடைத் திருவிழா நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்களில் ஒருவனின் சொந்த ஊர், எட்டயபுரத்துக்குப் பக்கம். அம்மன் கொடையில் சாயங்காலம் அரை மணி நேரம் கெஞ்சி வாங்கியிருந்தோம். இரண்டாவது பாட்டிலேயே விழாக் கமிட்டி அண்ணாச்சி மேடை ஏறி, "தம்பி, பாடுதீங்களா சண்ட போடுதீங்களா?" என்று மைக்கிலேயே கேட்டார். சனம் சிரித்தது. எங்களுக்கு மானம் போனது.

அப்போது வானம் கறுத்தது. மாதக்கணக்கில் ஒரு சொட்டு இல்லாத ஊர். மேகத்தைப் பார்த்ததும் தார்ப்பாயைத் தொட அங்கே யாருக்கும் மனசு வராது. தொட்டால் மழை கோபித்துக்கொண்டு போய்விடுமாம். மேடை திறந்தபடியே கிடந்தது. முதல் தூறல் விழுந்ததும் சவுண்டு செட்டுக்காரர் ஓடிப்போய் கரண்டைப் பிடுங்கினார். கிட்டார்கள் அடங்கின. டிரம்ஸுக்குக் கரண்டு தேவையில்லை. அவன் நிறுத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த சனம் எழுந்து மழையில் ஆடியது. அண்ணாச்சியும் ஆடினார்.

எனக்குக் கையில் வேலை இல்லை. கோவில் பந்தலுக்குள் ஒதுங்கி, போனை எடுத்து அவனைப் படம் பிடித்தேன். மறு நொடியே கை தானாகத் திரும்பிவிட்டது. கரிசலில் மழை பெய்யும்போது கையில் போன் வைத்திருப்பவன் வேறு எதையும் எடுக்க மாட்டான். இந்தப் பக்கத்துப் போன்களில் பாதி இடம் மழைக்குத்தான். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த தரையில் தண்ணீர் இறங்குவதையே நாலு நிமிஷம் எடுத்திருக்கிறேன். சத்தம் முழுக்க அவன். படத்தில் அவனுடைய முழங்கை மட்டும் ஒரு நொடி வருகிறது.

காது போனவனுக்கு நான் சத்தத்தைச் சேமித்து வைத்திருந்தேன். என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை பொறுக்க முடியாமல் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி, "அவிய மாடில இருக்காவ, போங்கண்ணே" என்றாள். போனைக் கொடுத்தேன். முழுக்கப் பார்த்தான்.

"நான் எங்கலே?"

நான் காதைத் தொட்டுக் காட்டினேன். இடது காதில் போனை அழுத்தி வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, ஒன்றும் கேட்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினான்.

"மழையப் பாத்துத் திருப்பிட்டியாக்கும். நானா இருந்தாலும் திருப்பியிருப்பேன்."

திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

மறுநாள் காலை வீடியோவைக் குழுவில் போட்டான். கீழே அவன் நினைவு: "இது மழ இல்ல, நான். எனக்கு ஒண்ணும் கேக்கல. காது கேக்குதவங்க கேட்டுட்டு, எப்பிடி வாசிச்சேன்னு எழுதுங்க."

மற்ற இருவரும் கைதட்டுகிற படங்களைப் போட்டார்கள். "படம் வேண்டாம். எழுதுங்க" என்று பதில் வந்தது.

நான் கதவைச் சாத்திக்கொண்டு, படத்தைப் பார்க்காமல், முதல் அடியிலிருந்து கேட்டேன். இரண்டு நிமிஷம் தாண்டி ஓரிடத்தில் தாளம் தப்புகிறான். ஓர் அடி பிந்தி, ஓடிவந்து சேர்ந்துகொள்கிறான். இத்தனை வருடத்தில் அதை நான் கவனித்ததே இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று நாலு தடவை அடித்து அழித்தேன். கடைசியில் எழுதிவிட்டேன்.

உடனே பதில் வந்தது.

"மழையில கம்பு வழுக்கிருச்சுலே. அப்ப நீ நெசமாவே கேட்டிருக்க."